ரத்தம் சொல்வது ஒன்று, ஊசி சொல்வது வேறு

கழுத்தில் கட்டி என்று டாக்டரைப் பார்க்கப் போனவர் கையில் சில நாட்களிலேயே மூன்று காகிதங்கள் சேர்ந்துவிடும். ரத்தப் பரிசோதனை முடிவு, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அறிக்கை, ஊசி குத்தி எடுத்த எஃப்.என்.ஏ.சி. அறிக்கை. இப்போதெல்லாம் டாக்டர் பார்ப்பதற்கு முன்பே இவை வாட்ஸ்அப்பில் நமக்கு வந்துவிடுகின்றன. தடித்த எழுத்தில் ஒரு எண், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி, கடைசியில் 'பெதஸ்டா' என்று தொடங்கும் ஒரு வரி. அன்றிரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது.

அந்த இரவுக்காகத்தான் இந்த அத்தியாயம். மூன்றையும் எந்த வரிசையில் படிப்பது, எந்தக் காகிதம் எதைச் சொல்லும், எதைச் சொல்லவே சொல்லாது என்று பார்ப்போம். முதலில் ஒன்றை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். தைராய்டு சுரப்பி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்வது ரத்தப் பரிசோதனை. அதில் வளர்ந்திருக்கும் கட்டி எப்படிப்பட்டது என்பதைச் சொல்வது ஊசிப் பரிசோதனை. இரண்டும் இரண்டு வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

"டாக்டர், தைராய்டு டெஸ்ட் நார்மல்னு வந்திருச்சே, அப்புறம் எதுக்கு ஊசி?" என்று கேட்காத நோயாளி குறைவு. தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு ஹார்மோன் அளவுகள் சரியாகவே இருக்கும். ஆகவே ரத்தம் நார்மல் என்பதற்காகக் கட்டியை மறந்துவிடக் கூடாது. இன்னொரு பக்கம், ரத்த அறிக்கையில் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் 8 என்று வந்ததைப் பார்த்துவிட்டுக் கட்டி புற்றாகிவிட்டது என்று இடிந்துபோகிறவர்களும் உண்டு. அந்த எண்ணை வைத்துப் புற்று இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

முதல் காகிதம்: ரத்தம்

டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதல்ல. மூளையின் அடிப்பகுதியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அதைச் சுரக்கிறது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் பிட்யூட்டரி டி.எஸ்.எச்.சைக் கூட்டும், ஹார்மோன் மிகுந்தால் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் கணக்கு தலைகீழாக இருக்கிறது. டி.எஸ்.எச். கூடியிருந்தால் தைராய்டு மந்தம், டி.எஸ்.எச். குறைந்திருந்தால் தைராய்டு மிகை. "டி.எஸ்.எச். ஏறியிருக்கு, அப்போ மாத்திரை ஜாஸ்தியாயிடுச்சு" என்று தாமாகவே மாத்திரையைப் பாதியாக்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த பரிசோதனையில் அந்த எண் இன்னும் ஏறித்தான் இருக்கும்.

பெரியவர்களுக்கு லேப்கள் அச்சிடும் வரம்பு பெரும்பாலும் 0.4 முதல் 4.0 அல்லது 4.5 வரை. சில லேப்கள் லிட்டருக்கு மில்லி யூனிட் என்று போடும், சில மில்லிலிட்டருக்கு மைக்ரோ யூனிட் என்று போடும். அலகு மாறினாலும் எண் மாறாது. டி4 (தைராக்ஸின்), டி3 என்ற தைராய்டு ஹார்மோன்களில் டி4 ரத்தத்தில் பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். ஏறக்குறைய 100 மடங்கு உயரும். ஹார்மோன் நார்மல் வரம்புக்குள்ளேயே சற்று இறங்கினாலும் பிட்யூட்டரி அதைக் கண்டுகொள்ளும். ஒரே ஒரு பரிசோதனைக்குத்தான் வசதி என்றால் டி.எஸ்.எச். எடுங்கள் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

அது வரம்புக்கு வெளியே போனால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஃப்ரீ டி4. ரத்தத்தில் உள்ள டி4-இல் மிகப் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டாமல் தனித்திருக்கும் மிகச் சிறு பகுதிதான் செல்களுக்குள் போய் வேலை செய்கிறது. கர்ப்ப காலத்திலும், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் அந்தப் புரதம் கூடிவிடும். அப்போது மொத்த டி4 உயர்ந்து காட்டும், ஃப்ரீ டி4 சரியாகவே இருக்கும். நம் ஊர் லேப்களின் 'தைராய்டு ப்ரொஃபைல்' பேக்கேஜில் மொத்த டி3, மொத்த டி4, டி.எஸ்.எச். ஆகிய மூன்றும் வருவதே வழக்கம். அந்தப் பணத்துக்கு டி.எஸ்.எச்.சும் ஃப்ரீ டி4-உம் எடுப்பது மேல் என்பது என் கருத்து. தைராய்டு மந்தமாகிக்கொண்டே போனாலும் டி3 வெகுநாள் நார்மலாகவே நின்று ஏமாற்றும். தைராய்டு மிகையோ என்ற சந்தேகம் வரும்போதுதான் டி3-க்கு வேலை.

இனி சேர்த்துப் படிப்போம். டி.எஸ்.எச். உயர்வு, ஃப்ரீ டி4 குறைவு: சந்தேகமில்லாத தைராய்டு குறைபாடு, மாத்திரை தேவை. டி.எஸ்.எச். குறைவு, ஃப்ரீ டி4 அல்லது டி3 உயர்வு: தைராய்டு மிகை, காரணம் கிரேவ்ஸ் நோயா, தைராய்டு வீக்கமா, தானே ஹார்மோன் சுரக்கும் கட்டியா என்று தேட வேண்டும். இரண்டுமே குறைந்திருந்தால் அது பிட்யூட்டரியின் கோளாறாகவோ, உடலில் உள்ள வேறு பெரிய நோயின் விளைவாகவோ இருக்கலாம். அதைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அதிகம் பேரைக் குழப்புவது நான்காவது நிலை: டி.எஸ்.எச். உயர்வு, ஆனால் ஃப்ரீ டி4 நார்மல். 5.8, 6.4, 7.1 என்று வரும் எண்களெல்லாம் இந்த வகைதான். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து ஆயுள் முழுக்க மாத்திரை என்று முடிவு கட்டிவிட வேண்டியதில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடியும் எடுத்தால் கணிசமானவர்களுக்கு அது தானாகவே இறங்கியிருக்கும். 10-க்கு மேல் நிலைத்து நின்றால் பெரும்பாலான டாக்டர்கள் மாத்திரை தொடங்குவார்கள். அதற்குக் கீழே என்றால் வயது, அறிகுறிகள், கருத்தரிக்கும் திட்டம், ஆன்ட்டி டி.பி.ஓ. எதிர்ப்பொருள் இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு டி.எஸ்.எச். சற்று ஏறியிருப்பது வயதின் இயல்பு. 78 வயது அம்மாவுக்கு 6 என்று வந்ததும் மாத்திரை போட்டு அதை 1-க்கு இறக்கினால், இதயத் துடிப்புக் கோளாறும் எலும்பு மெலிவும்தான் மிச்சம்.

எண்ணைக் கெடுக்கும் விஷயங்கள் சில நம் வீட்டிலேயே இருக்கின்றன. முடி கொட்டுகிறது என்று வாங்கிச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை அவற்றில் முதலாவது. பல லேப் இயந்திரங்கள் அளக்கும் முறையிலேயே பயோட்டின் ஒரு பகுதி. ரத்தத்தில் அது நிறைய இருந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4, டி3 பொய்யாக உயர்ந்தும் காட்டும். அந்த அறிக்கை கிரேவ்ஸ் நோயை அப்படியே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-இல் இதைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். 'மல்டி வைட்டமின்தானே' என்று விட்டுவிடாமல் பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

தைராக்ஸின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் சில. டி4 ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். அதனால் அளவை மாற்றிய பிறகு ஆறு முதல் எட்டு வாரம் போன பின்பே டி.எஸ்.எச். எடுக்க வேண்டும், பத்தாம் நாள் எடுத்த முடிவு எதற்கும் உதவாது. மாத்திரையை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு போட்டுவிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்தே காபி. இது காலை எழுந்ததும் ஃபில்டர் காபி இல்லாமல் இருக்க முடியாதவர்களுக்குக் கஷ்டம்தான், ஆனால் காபி மாத்திரையை உடலில் சேரவிடாது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ரத்தம் கொடுக்கும் நாளில் மாத்திரையை ரத்தம் எடுத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஃப்ரீ டி4 சில மணி நேரத்துக்கு ஏறிக் காட்டும். இரண்டு மாதம் விட்டுவிட்டுச் சாப்பிட்டு, டெஸ்ட்டுக்கு முந்தைய வாரம் மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டால் டி4 நார்மலாகவும் டி.எஸ்.எச். உயர்ந்தும் இருக்கும். டாக்டர் அதைப் பார்த்து அளவைக் கூட்டிவிடுவார். விட்டுப்போன நாட்களை மறைக்காமல் சொல்லிவிடுவது உங்களுக்கு நல்லது.

டி.எஸ்.எச். பின்னிரவில் உச்சத்துக்குப் போய் மதியத்துக்குள் இறங்கிவிடும். ஒரு தடவை காலை ஏழு மணிக்கும் அடுத்த தடவை மாலை நான்கு மணிக்கும் கொடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிடாதீர்கள். முடிந்தவரை ஒரே லேப், ஒரே நேரம்.

கர்ப்பிணிகளின் கணக்கு தனி. முதல் மூன்று மாதத்தில் கர்ப்பத்தின் ஹார்மோனே தைராய்டைத் தூண்டுவதால் டி.எஸ்.எச். இயல்பாகவே இறங்கும், அது நோயல்ல. ஏற்கெனவே தைராக்ஸின் சாப்பிடும் பெண்ணுக்கோ மாத்திரையின் தேவை 25 முதல் 30 சதவீதம் வரை கூடும். நாள் தள்ளிப்போனது உறுதியான அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும், அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது.

இவ்வளவும் சுரப்பி வேலை செய்வதைப் பற்றி. கட்டியைப் பற்றி ரத்தம் தரும் துப்பு ஒன்று உண்டு. கட்டி உள்ளவருக்கு டி.எஸ்.எச். குறைந்திருந்தால், அந்தக் கட்டியே பிட்யூட்டரிக்குக் கட்டுப்படாமல் ஹார்மோன் சுரந்துகொண்டிருக்கலாம். அதை அறிய டெக்னீசியம் அல்லது கதிரியக்க அயோடின் கொண்டு எடுக்கும் ஸ்கேன் உதவும். கட்டி அந்த மருந்தை மற்ற இடத்தைவிட அதிகமாக இழுத்துக்கொண்டால் அதை 'ஹாட்' கட்டி என்பார்கள். ஹாட் கட்டி புற்றாக இருப்பது மிக அரிது. அதில் ஊசி குத்தினால் செல்கள் நெருக்கமாகத் தெரிந்து வீண் சந்தேகத்தைக் கிளப்பும் என்பதால் ஊசியே தேவையில்லை. எனவே கட்டி என்றதும் ஊசிக்கு ஓடாமல் டி.எஸ்.எச். எடுத்துவிட்டுப் போவதே சரியான வரிசை.

இரண்டாவது காகிதம்: ஸ்கேன்

44 வயதுப் பெண் ஒருவரின் அறிக்கையை எடுத்துக்கொள்வோம். வலது மடலில் 2.1 செ.மீ. கட்டி. நீர் இல்லாமல் கெட்டியானது. சுற்றியுள்ள தைராய்டைவிடச் சற்றுக் கருமையாகத் தெரிகிறது. இதை 'ஹைப்போஎக்கோயிக்' என்று எழுதுவார்கள். ஓரம் ஒழுங்காக இருக்கிறது. சுண்ணாம்புப் புள்ளிகள் இல்லை. முடிவில் 'டைராட்ஸ் 4' என்று போட்டிருக்கிறது.

இந்த 4 எங்கிருந்து வந்தது? அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2017-இல் வெளியிட்ட முறையில் ஒவ்வொரு அம்சத்துக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. கெட்டியாக இருந்தால் 2, கருமையாக இருந்தால் 2. கட்டி அகலத்தைவிட உயரம் கூடி நின்றால் 3, ஓரம் மேடுபள்ளமாக இருந்தால் 2, பொடிப்பொடியான வெண்புள்ளிகள் இருந்தால் 3. கூட்டுத்தொகை 4 முதல் 6 வரை என்றால் டைராட்ஸ் 4. 7-ம் அதற்கு மேலும் என்றால் 5. நம் உதாரணத்தில் 2-உம் 2-உம் சேர்ந்து 4. டைராட்ஸ் 4 கட்டி 1.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் ஊசி, டைராட்ஸ் 5 என்றால் 1 செ.மீ., டைராட்ஸ் 3 என்றால் 2.5 செ.மீ. ஆகவே இவருக்கு ஊசி தேவை. 'டைராட்ஸ் 4' என்பது 'புற்றுநோய் நான்காம் கட்டம்' அல்ல. அப்படி நினைத்துக்கொண்டு சொந்தக்காரர்களை வரவழைத்துவிட்ட குடும்பங்கள் உண்டு என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

அளவு வரம்பு ஏன் இவ்வளவு தாராளமாக இருக்கிறது என்று கேட்கலாம். தென் கொரியா அதற்கு விடை. அங்கே 1999-இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் தைராய்டு சேர்க்கப்படவில்லை. ஆனால் பரிசோதனைக்கு வந்தவர்களுக்கு மருத்துவமனைகள் சிறு கூடுதல் கட்டணத்தில் கழுத்து ஸ்கேனையும் செய்துகொடுத்தன. 2011-இல் அங்கே தைராய்டு புற்று கண்டுபிடிக்கப்பட்ட விகிதம் 1993-இல் இருந்ததைப்போல் 15 மடங்கு. அந்த நோயால் இறந்தவர்களின் விகிதமோ மாறவே இல்லை. கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. பெரும்பாலானோர் சுரப்பியை முழுதாக இழந்து ஆயுள் முழுக்க மாத்திரைக்கு வந்தார்கள். சிலருக்குக் குரல் நரம்பும் பாதிக்கப்பட்டது. இது 2014-இல் பெரிய விவாதமானதும் ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சைகள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன. அறிகுறியே இல்லாதவர்கள் 'எதற்கும் பார்த்துவிடலாம்' என்று தைராய்டு ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. 4 மில்லிமீட்டர் புள்ளியைக் கண்டுபிடித்தபின் அதை மறந்துவிட்டு நிம்மதியாக இருக்க மனிதர்களால் முடிவதில்லை.

ஊசி அறையில்

தோளுக்கடியில் ஒரு தலையணை வைத்துக் கழுத்து பின்னால் சாயும்படி படுக்க வைப்பார்கள். ஸ்கேன் கருவி கழுத்தின் மேல் இருக்கும், ஊசியின் முனை திரையில் தெரியும். ஊசி, ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லியது. பெரும்பாலும் மரப்பு ஊசிகூடத் தேவைப்படாது. குத்தியதும் சில விநாடிகள் முன்னும் பின்னுமாக வேகமாக அசைப்பார்கள். அந்தச் சில விநாடிகளுக்கு எச்சில் விழுங்கக் கூடாது, பேசக் கூடாது, இருமக் கூடாது. வெளியே வருவது ஒரு சொட்டுக்கும் குறைவு. அதைக் கண்ணாடித் தகட்டில் தள்ளி, இன்னொரு தகட்டால் மெல்லத் தேய்ப்பார்கள். சில தகடுகளைக் காற்றில் உலர விடுவார்கள். சிலவற்றை அந்தக் கணமே ஆல்கஹாலில் போடுவார்கள். சாயம் ஏற்றும் முறை இரண்டுக்கும் வேறு. ஆல்கஹாலில் போக வேண்டிய தகடு சற்றுத் தாமதமானாலும் செல்கள் காய்ந்து உருக்குலைந்துவிடும். எடுப்பவரின் கை பழகியிருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். இரண்டு முதல் நான்கு முறை குத்தலாம். பிறகு பஞ்சை அழுத்திப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

"ஊசி குத்தினா பரவிடும்" என்று சொல்லி உறவினர்கள் தடுப்பது நம் ஊரில் சகஜம். இந்த மெல்லிய ஊசியின் வழியாகத் தைராய்டு புற்று பரவுவது மிக மிக அபூர்வம். அந்தப் பயத்தால் ஊசியைத் தவிர்த்து நேராகக் கட்டியை அறுத்து எடுப்பதுதான் உண்மையான நஷ்டம். எடுத்த கட்டிகளில் பெரும்பாலானவை எடுக்கவே தேவையில்லாதவையாக இருக்கும்.

மூன்றாவது காகிதம்: பெதஸ்டா

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள ஓர் ஊர் பெதஸ்டா. தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2007 அக்டோபரில் அங்கே கூட்டிய மாநாட்டில்தான், ஒவ்வொரு லேப்பும் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்த தைராய்டு ஊசி அறிக்கைகளை ஆறு வகைக்குள் கொண்டுவர முடிவானது. இப்போது நடைமுறையில் இருப்பது 2023-இல் வந்த மூன்றாம் பதிப்பு. இந்த ஆறும் நோயின் ஆறு கட்டங்கள் அல்ல. நுண்ணோக்கியில் பார்த்தவருக்குப் புற்று பற்றிய சந்தேகம் எவ்வளவு என்பதைச் சொல்லும் ஆறு படிகள்.

பெதஸ்டா 1 என்றால் போதுமான செல் கிடைக்கவில்லை. குறைந்தது பத்துச் செல் கொண்ட ஆறு கொத்துகளாவது தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது கணக்கு. இது நல்ல செய்தியும் அல்ல, கெட்ட செய்தியும் அல்ல. ஸ்கேன் உதவியோடு மறுபடி எடுக்க வேண்டும். 'ஒன்றுதானே, ஒன்றுமில்லை' என்று ஃபைலில் போட்டு மூடிவிடுபவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெதஸ்டா 2, சாதுவான கட்டி. 'கொலாய்டு காய்ட்டர்' என்றோ, 'லிம்ஃபோசைட்டிக் தைராய்டைட்டிஸ்' என்றோ எழுதியிருப்பார்கள். ஊசி எடுப்பவர்களில் பெரும்பாலோருக்கு வருவது இதுதான். ஸ்கேனில் சந்தேகம் குறைவாக இருந்தால் ஓரிரு ஆண்டு கழித்து மறு ஸ்கேன் போதும். ஸ்கேன் மிகவும் சந்தேகமாக இருந்தும் ஊசி 2 என்று வந்தால் மட்டும் ஓராண்டுக்குள் ஊசியை மறுபடி எடுப்பது நல்லது. சாதுவான கட்டியைக் கரைக்கத் தைராக்ஸின் கொடுக்கும் பழைய வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அயோடின் போதுமான அளவு கிடைக்கும் மக்களுக்கு அதனால் பயன் சொற்பம், தொந்தரவு அதிகம் என்று வழிகாட்டு நெறிகள் அதைக் கைவிட்டுவிட்டன. அறிக்கையில் 'லிம்ஃபோசைட்டிக் தைராய்டைட்டிஸ்' என்று இருந்தால் முதல் காகிதத்துக்குத் திரும்புங்கள். அது ஹஷிமோட்டோ நோயாக இருக்கலாம், டி.எஸ்.எச். இப்போது நார்மல் என்றாலும் ஆண்டுக்கொரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெதஸ்டா 3-இல்தான் மனம் அதிகம் அலைபாயும். 'சந்தேகத்துக்கிடமான செல்கள், ஆனால் என்னவென்று உறுதியில்லை' என்பது இதன் பொருள். மூன்றாம் பதிப்பின்படி இதில் புற்றாக இருக்கும் வாய்ப்பு சராசரியாக 22 சதவீதம். இந்த எண்ணைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரு கட்டி புற்றா என்பது அதை அறுத்து எடுத்துப் பார்த்தவர்களிடம்தான் உறுதியாகத் தெரிகிறது. பெதஸ்டா 3 வந்தவர்களில் ஸ்கேனும் மோசமாக இருந்தவர்களைத்தான் அறுவை சிகிச்சைக்கு அனுப்பியிருப்பார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்களை வைத்துக் கணக்கிட்ட சதவீதம், எல்லோருக்குமான உண்மை வாய்ப்பைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

நம் 44 வயதுப் பெண்ணுக்கு வந்ததும் 3 என்றே வைத்துக்கொள்வோம். அறிக்கையின் விவரப் பகுதியில், பின்னணியில் லிம்ஃபோசைட்டுகள் என்றும், சில 'ஹர்த்தில்' செல்கள் என்றும் எழுதியிருக்கிறது. டி.எஸ்.எச். 6.2. ஆன்ட்டி டி.பி.ஓ. மிக அதிகம், ஹஷிமோட்டோவின் அடையாளம். இங்கே ரத்தம் ஊசிக்குத் துணைக்கு வருகிறது. ஹஷிமோட்டோவில் தைராய்டு செல்கள் வீங்கி, உருமாறி, அனுபவசாலிகளையும் சந்தேகப்பட வைக்கும். செல் பார்த்தவருக்கு இந்த ரத்த முடிவு தெரிந்திருந்ததா? பல நேரம் தெரிந்திருக்காது, ஊசிக்கு எழுதிக் கொடுத்த சீட்டில் 'கழுத்துக் கட்டி' என்று மட்டும்தான் இருந்திருக்கும். ஊசிக்குப் போகும்போது ரத்த முடிவையும் ஸ்கேனையும் கையில் கொண்டுபோய்க் காட்டுவது நோயாளி செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. இவருக்கு அடுத்த படி, அறுவை சிகிச்சை அல்ல. சில வாரம் கழித்து மறு ஊசி. மறுபடி எடுக்கும்போது பெரும்பாலானோருக்கு இன்னும் தெளிவான வகை கிடைத்துவிடுகிறது. செல்களின் மரபணு மாற்றங்களைப் பார்க்கும் மூலக்கூறுப் பரிசோதனைகளும் உண்டு. அவை செலவு மிக்கவை, எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. கிடைக்காததால் தரமான சிகிச்சை இல்லை என்று எண்ண வேண்டாம்.

பெதஸ்டா 4, ஃபாலிக்குலர் நியோப்ளாசம். "டாக்டர், புத்துன்னு சொல்லுங்க, இல்ல இல்லைன்னு சொல்லுங்க, ஏன் இழுக்கிறீங்க?" என்று கோபப்பட வைக்கும் வகை இது. டாக்டர் இழுக்கவில்லை, ஊசியால் முடியாது. ஃபாலிக்குலர் வகையில் சாதுவான கட்டியின் செல்லும் புற்றின் செல்லும் பார்வைக்கு ஒன்றேதான். கட்டியைச் சுற்றியுள்ள உறையைச் செல்கள் துளைத்துக்கொண்டு வெளியேறினவா, ரத்தக் குழாய்க்குள் நுழைந்தனவா என்பதில்தான் வித்தியாசம். ஆடு வேலியைத் தாண்டியதா என்பதை வேலியைச் சுற்றிப் பார்த்துத்தான் சொல்ல முடியும், ஆட்டைப் பிடித்துப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் கட்டி உள்ள பாதி மடலை மட்டும் எடுத்து, உறை முழுவதையும் நுண்ணோக்கியில் பார்ப்பது வழக்கமான முறை. புற்றாக இருக்கும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம். மாற்றிச் சொன்னால், பத்துப் பேரில் ஏழு பேருக்குப் புற்று இல்லை. எனவே நான்கு என்ற ஒரே காரணத்துக்காக முழுச் சுரப்பியையும் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், பாதி போதாதா என்று தயங்காமல் கேளுங்கள். மறு மடலிலும் கட்டி, முன்பு கழுத்தில் கதிர்வீச்சு, ஏற்கெனவே தைராக்ஸின் சாப்பிடுவது என்று நியாயமான காரணங்கள் இருக்கலாம். அது என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

5-இல் வாய்ப்பு சுமார் 74 சதவீதம், 6-இல் 97. பெரும்பாலும் பாப்பில்லரி வகைப் புற்று. புற்று என்ற சொல்லைக் கேட்டதும் இன்றே, நாளையே என்று அவசரப்பட வேண்டியதில்லை. இந்த வகை மெதுவாக வளர்வது. இரண்டாவது டாக்டரைப் பார்க்கவும் நல்ல அறுவை நிபுணரைத் தேடவும் சில வாரங்கள் எடுத்துக்கொள்ளலாம். சிறியதாக, சுரப்பிக்கு உள்ளேயே அடங்கியிருந்தால் பாதிச் சுரப்பியை எடுப்பதே போதும். 1 செ.மீ.க்கு உட்பட்டது என்றால் அறுக்காமல் ஸ்கேனில் கண்காணிப்பதும் ஒரு வழி. ஜப்பானின் கோபே நகரில் உள்ள குமா மருத்துவமனையில் அகிரா மியாவுச்சி என்ற அறுவை நிபுணர் 1993-இல் இதைத் தொடங்கினார். அப்படிக் கண்காணிக்கப்பட்ட 1,235 பேரைப் பற்றி 2014-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, பத்து ஆண்டில் 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கட்டி வளர்ந்தது 8 சதவீதம் பேருக்குத்தான். புற்றால் ஒருவரும் இறக்கவில்லை. இதற்கு ஒழுங்காகத் திரும்பத் திரும்ப ஸ்கேனுக்கு வரக்கூடியவராக நீங்கள் இருக்க வேண்டும்.

6 என்று வந்து, அதன் அருகே 'மெடுல்லரி' என்ற சொல் இருந்தால் பாதை வேறு. இங்கே மட்டும் ரத்தமே கட்டியைப் பற்றிப் பேசும்: கால்சிட்டோனின், சி.இ.ஏ. இரண்டையும் எடுக்க வேண்டும். ஆர்.இ.டி. என்ற மரபணுவின் மாற்றம் குடும்பத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இருந்தால் பிள்ளைகளையும் பரிசோதிக்க வேண்டிவரும். தைரோகுளோபுலின் என்ற பரிசோதனையைக் கட்டி புற்றா என்று அறிய எடுக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லலாம். சாதுவான கட்டியிலும் அது உயரும். புற்றுக்காகச் சுரப்பியை எடுத்த பிறகு கண்காணிக்கத்தான் அது பயன்படும்.

காகிதங்கள் ஒத்துப்போகாவிட்டால்

ஸ்கேன் ஒன்று சொல்லி ஊசி வேறொன்று சொன்னால் எதையும் அறுக்கும் முன் தகடுகளை இன்னொரு செல் நோயியல் நிபுணரிடம் காட்டுங்கள். இதற்கு மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை. எழுதிக் கொடுத்தால் லேப் தகடுகளைத் தரும். பெரிய அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் புற்றுநோய் மையங்களிலும் 'ஸ்லைடு ரிவ்யூ' என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். குறிப்பாக 3, 4, 5 ஆகிய வகைகளில் இரண்டு நிபுணர்கள் வேறுபடுவது சகஜம். முதல் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று கூச்சப்பட வேண்டாம், நல்ல டாக்டர்கள் தாங்களே இதைக் கேட்பார்கள்.

தகடுகள் கைக்கு வந்ததும் அவற்றை ஒன்றோடொன்று உரசாதபடி லேப் தரும் பிளாஸ்டிக் பெட்டியிலேயே வைத்திருங்கள். பெட்டியின் மேல் பெயர், தேதி, லேப் எண், வலதா இடதா, எந்தக் கட்டி என்று எழுதி ஒட்டுங்கள். இரண்டு மூன்று கட்டிகள் இருப்பவர்களுக்கு இந்தக் கடைசி விவரம் மிக முக்கியம். ஸ்கேனில் எண் 2 என்று குறித்த கட்டியிலிருந்துதான் ஊசி எடுக்கப்பட்டதா என்பதை அறிக்கையில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்படி எழுதப்படவில்லை என்றால் எடுத்தவரிடமே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.